முதலில் துளை, பிறகு தகடு

எங்கள் ஊர் ஏரியைத் தூர்வார வந்திருந்த ஜேசிபி, வேலை முடிந்த மாலை வேளைகளில் கரையோரப் புளியமரத்தடியில் நிற்கும். ஆபரேட்டர் அண்ணனின் அனுமதியோடு, அதன் பின்புறத்து மண்வெட்டும் கையை நான்கு மாலைகள் நாடா வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். என் மேசைமேல் இன்று இருக்கும் சிறுமாதிரி அந்தக் குறிப்பேட்டிலிருந்து பிறந்தது. கடையில் பெட்டியாக விற்கும் பாகத் தொகுப்பு எதையும் வாங்காமல், தகட்டையும் குழாயையும் கம்பியையும் வெட்டி ஒட்டி, ஓர் இயந்திரத்தை விகிதம் பிசகாமல் சிறிதாகச் செய்யும் இந்தக் கைவேலையை எங்கிருந்து தொடங்குவது என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூட்டுகளில் அச்சாக நிற்கும் உருளைக் கம்பிகளான பின்கள் கோக்கும் துளைகளிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். துளைகளின் மையங்கள் சரியாக அமைந்துவிட்டால் மற்ற வடிவங்கள் யாவும் அவற்றைச் சுற்றி வளர்ந்துவிடும். அவை பிசகினால், தகட்டை எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாலும் கை மடங்காது, வாளி சுருளாது.

எந்த இயந்திரத்தைத் தேர்வது என்ற கேள்விக்கு, நடந்து சென்று தொட்டுப் பார்க்கக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. அந்த வகையில் ஜேசிபியை விடப் பொருத்தமானது நம் ஊர்களில் வேறில்லை. மண் தோண்டும் ரப்பர்ச் சக்கர வண்டியை ஜேசிபி என்றும், சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்வதைப் பொக்லைன் என்றும் அழைக்கிறோம். இரண்டுமே நிறுவனங்களின் பெயர்கள். பொக்லைன் பிரான்சு நாட்டு நிறுவனம். ஜேசிபி, ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் மாவட்டத்து யுடாக்ஸிட்டர் என்ற ஊரில் தொடங்கியது. போரில் எஞ்சிய இரும்பை வைத்து, பழைய வெல்டிங் கருவி ஒன்றின் துணையோடு, ஒரு சிறிய கொட்டகையில் அவர் செய்த டிப்பர் டிரெய்லர்தான் அந்நிறுவனத்தின் முதல் பொருள். முன்புறம் அள்ளும் தொட்டியும் பின்புறம் தோண்டும் கையும் ஒரே வண்டியில் பூண்ட இயந்திரத்தை அவர் 1953இல் கொண்டுவந்தார். இந்தியாவில் அரியானா மாநிலத்து பல்லப்கரில் 1979இல் உற்பத்தி தொடங்கியது. கையில் கிடைத்த இரும்பை வெட்டி ஒட்டியே அந்த முதல் பட்டறையிலும் வேலை நடந்திருக்கிறது என்பதை, பயனற்றுப் போன பொருள்களிலிருந்து பாகம் தேடும் போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது விகிதம். கட்டுமான இயந்திரங்களின் உலோக வார்ப்பு மாதிரிகளைச் சேகரிப்போர் உலகில் 1:50 என்பதே பரவலான அளவு. ஜெர்மனியின் கான்ராட், என்.இசட்.ஜி. போன்ற நிறுவனங்கள் அந்த அளவில்தான் பெரும்பாலும் செய்கின்றன. ஆயினும், கையால் செய்யத் தொடங்குபவருக்கு அது மிகச் சிறிது. ரேடியோ மூலம் ஓட்டும் லாரிகளுக்குரிய 1:14 அளவோ மேசையையே நிரப்பிவிடும். நான் தேர்ந்தது 1:25. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள வண்டி இந்த அளவில் 24 செ.மீ. ஆகிறது, ஒரு மீட்டர் 40 மி.மீ. ஆகிறது. அதைவிட முக்கியமான வசதி ஒன்று உண்டு. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. ஆதலால், 1:25இல் அது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டராகிவிடுகிறது. நம் பட்டறைகளில் இன்றும் அங்குலத்திலேயே பேசுகிறார்கள். ஒரு தகடு ஓர் அங்குலக் கனம் என்று வெல்டர் சொன்னால், 1 மி.மீ. தகட்டை எடுத்துக்கொள்ளலாம், அரை அங்குலம் என்றால் 0.5 மி.மீ. கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை. 50 மி.மீ. விட்டமுள்ள பின் இந்த அளவில் 2 மி.மீ. ஆகிறது. சாதாரண மிதிவண்டியின் ஸ்போக்ஸ் கம்பி சரியாக அந்தத் தடிமன்தான். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட கம்பிகளில் நான்கை வாங்கி வந்தால், முழு மாதிரிக்கும் வேண்டிய பின்கள் கிடைத்துவிடும்.

அளவெடுக்கும் போது முதலில் பார்க்க வேண்டியது டயர். அதன் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எண்ணே ஓர் அளவுகோல். பின்சக்கரத்தில் 16.9-28 என்று இருந்தால், டயரின் அகலம் 16.9 அங்குலம், அது பொருந்தும் ரிம்மின் விட்டம் 28 அங்குலம் என்று பொருள். 28 அங்குலம் 711 மி.மீ.; மாதிரியில் 28.4 மி.மீ. ஆகவே, நேரில் அளக்க முடியாத ஓர் இயந்திரத்தின் நேர்ப்பக்கப் புகைப்படம் மட்டும் கையில் இருந்தாலும், ரிம் 28.4 மி.மீ. வரும்படி படத்தைச் சுருக்கி அச்சிட்டால், அந்தத் தாளே ஏறத்தாழ 1:25 வரைபடமாகிவிடும். ஆனால், படம் எடுக்கும் போது அருகில் நிற்கக் கூடாது. பத்தடியிலிருந்து எடுத்த படத்தில் நமக்கு நெருக்கமான பாகங்கள் பெருத்தும் தள்ளி இருப்பவை சிறுத்தும் தெரியும். அதை அளந்து செய்யும் மாதிரி கோணலாகத்தான் வரும். 20 மீட்டராவது விலகி நின்று, கேமராவை இயந்திரத்தின் இடுப்புயரத்தில் வைத்து, ஜூம் செய்து எடுக்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாக 10 செ.மீ.க்கு ஒரு பட்டை தீட்டிய மீட்டர்க் குச்சி ஒன்றை, அளக்க வேண்டிய பாகத்தின்மீதே சாய்த்து வைத்து எடுப்பது இன்னும் நல்லது. குச்சி வேறு தளத்தில் இருந்தால் அந்த அளவு பொய்யாகிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டுத்தான் என் முதல் கையை உருவாக்கினேன், அது பாழானது. அச்சிட்ட தாளைத் தகட்டின்மேல் ஒட்டி, இரு பக்கத் தகடுகளையும் தனித்தனியே வெட்டி, தனித்தனியே துளையிட்டேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்ததை, பின் கோக்கும்போதுதான் உணர்ந்தேன். பின் சாய்ந்து நின்றது. அதில் தொங்கிய அடுத்த பாகம் முறுக்கிக்கொண்டது. வாளி ஒரு பக்கமாகத் தலைசாய்த்தது. பெரிய வண்டியில் அந்த அரை மில்லிமீட்டர் பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஆகும். மூன்று வாரத்து வேலையைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் அப்படியே ஒதுக்கி வைத்தேன்.

இரண்டாவது முறை வேலையின் வரிசையையே மாற்றினேன். தகடு எதையும் தொடுமுன், ஆபரேட்டர் அண்ணனிடம் திரும்பச் சென்று, ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரையுள்ள தூரங்களை மட்டும் அளந்து வந்தேன். தினமும் காலையில் அவர் கிரீஸ் அடிக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு பின் என்பதால், அவர் கிரீஸ் கன்னை வைத்த வரிசையிலேயே நானும் நாடாவை வைத்தேன். "ஒண்ணு விட்டுட்டாலும் பத்து நாள்ல புஷ் தேஞ்சு கை ஆட ஆரம்பிச்சிரும் தம்பி" என்று, பின்னைச் சுற்றியுள்ள உலோக வளையமான புஷ்ஷைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, வாளிக்கு மேலே இருக்கும் இரண்டு இணைப்புத் தண்டுகளைக் கையால் தட்டிக் காட்டினார். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் பாகம் அதுதான். எண்ணெய் அழுத்தத்தால் நீண்டு வாளியைச் சுருட்டும் ஹைட்ராலிக் சிலிண்டர் நேராக வாளியில் பூட்டப்படுவதில்லை. சிலிண்டரின் முனை ஒரு நெம்புகோலில் கோக்கப்பட்டிருக்கிறது. நெம்புகோலின் ஒரு தலை கையின் முனையருகே பூட்டப்பட்டிருக்கிறது. மறுதலையிலிருந்து ஓர் இணைப்புத் தண்டு வாளிக்குச் செல்கிறது. கை, நெம்புகோல், தண்டு, வாளி என்ற இந்த நான்கும் சேர்ந்து ஒரு நாற்கரமாகின்றன. சிலிண்டர் நேராகப் பூட்டப்பட்டிருந்தால் சுமார் அரைச் சுற்று வரை வாளியைத் திருப்ப முடியாது. இந்த நாற்கரம்தான் சிலிண்டரின் குறுகிய ஓட்டத்தை வாளியின் நீண்ட சுழற்சியாக மாற்றுகிறது. நான்கு மையங்களில் ஒன்று பிசகினாலும் வாளி பாதிச் சுருளிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

எனவே, தகட்டில் வெட்டுமுன் அட்டையில் வெட்டிப் பார்ப்பதை நான் ஒரு விதியாகவே கொண்டிருக்கிறேன். இதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல அட்டை கிடையாது. விறைப்பாக இருக்கும், கத்தி ஓடும்போது ஓரம் பிசிராது. ஒவ்வொரு பாகத்தையும் துளைகளுக்கு இடையே ஒரு பட்டையாக மட்டும் வெட்டி, தெர்மாகோல் பலகைமேல் வரைபடத்தாளைப் பரப்பி, குண்டூசிகளால் கோத்து அசைத்துப் பார்க்கிறேன். வாளி முழுதும் விரிந்த நிலையிலும் முழுதும் சுருண்ட நிலையிலும் சிலிண்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். நான் அளந்த வண்டியில் வாளிச் சிலிண்டரின் மூடிய நீளம் 92 செ.மீ., நீண்ட நிலையில் 150 செ.மீ.; மாதிரியில் 36.8 மி.மீ., 60 மி.மீ. இந்த இரண்டு எண்களுக்குள் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது. உள்ளே செல்லும் தண்டு வெளியுருளைக்குள் அடங்க வேண்டும், நீண்ட நிலையிலும் கொஞ்சம் உள்ளே பிடித்திருக்க வேண்டும், இரு முனைகளிலும் பின் கோக்கும் கண்களுக்கு இடம் வேண்டும். ஆகையால், இப்படி ஒரே தண்டு கொண்ட எந்தச் சிலிண்டரும் தன் மூடிய நீளத்தின் இரு மடங்கை எட்டவே முடியாது. அட்டை மாதிரியில் அப்படி இரு மடங்கை நெருங்கினால், எங்கோ ஒரு பின்னின் மையத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம். என் குறிப்பேட்டில் இருந்த பிழைகளில் இரண்டை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அட்டை சரியாக அசைந்த பிறகே தகடு. கட்டடக்கலை மாணவர்களுக்கான பொருள்களை விற்கும் கடைகளில் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடு 0.5, 1, 1.5 மி.மீ. கனங்களில் கிடைக்கிறது. கத்தியால் இரண்டு முறை கோடிழுத்து மடித்தால் நேராக ஒடிந்துவிடும் என்பதால், மரத்தையும் உலோகத்தையும்விட இது தொடக்கத்துக்கு ஏற்றது. இரு பக்கத் தகடுகளையும் இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்து, மையத்தை ஊசியால் குத்தி, 2 மி.மீ. துளையை இரண்டுக்கும் சேர்த்தே இட வேண்டும். முதல் துளை முடிந்ததும் அதில் ஒரு ஸ்போக்ஸ் துண்டைச் செருகிவிட்டு இரண்டாவதை இட்டால் தகடுகள் நழுவாது. எல்லாத் துளைகளும் முடிந்த பிறகுதான் வெளிக்கோட்டை வெட்ட வேண்டும். வெளிக்கோட்டில் அரை மில்லிமீட்டர் தவறினால் அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், துளையில் தவறினால் தகட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒட்டுவதற்கான பிளாஸ்டிக் சிமெண்ட், பசைபோல் இடையில் நிற்பதில்லை. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக இணைத்துவிடுகிறது. ஆகையால் சொட்டுச் சொட்டாக, தூரிகையின் நுனியால்தான் இட வேண்டும். மண்வெட்டும் கை நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம். அதன் அடித்தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துளை விடுவது நல்லது. இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஆவி வாரக்கணக்கில் தகட்டை மென்மையாக்கி, பளபளப்பாக வண்ணம் தீட்டிய பிறகு பக்கவாட்டில் குழி விழச் செய்துவிடும். சன்னல் திறந்த அறையில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். தலைவலி தொடங்கிய பிறகு சன்னலைத் திறப்பது காலம் கடந்த செயல்.

இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் சிலிண்டர்கள். உண்மையான சிலிண்டரின் தண்டு குரோமிய முலாம் பூசப்பட்டுக் கண்ணாடிபோல் மின்னும். எந்த வெள்ளி வண்ணமும் அந்த மினுமினுப்பைத் தராது. பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் ஏரியலை இழுத்துப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பித்தளைக் குழாய்கள், ஒவ்வொன்றின்மேலும் அதே முலாம். பழுதுபார்ப்புக் கடையில் உடைந்த ஏரியல்கள் கிடைக்கும். அதில் 4 மி.மீ. குழாய் வெளியுருளை, 2 மி.மீ. பகுதி தண்டு, இடையிலுள்ள 3 மி.மீ. குழாயில் 2 மி.மீ. நீளத்துக்கு ஒரு வளையம் அறுத்து வெளியுருளையின் வாயில் செருகினால், தண்டு ஆடாமல் நடுவில் ஓடும். பெரிய சிலிண்டரின் வாயிலும் இதே வேலைக்கு ஒரு மூடி இருக்கிறது; எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் அதற்குள்தான் இருக்கிறது. குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் நசுங்கிவிடும். மேசைமேல் வைத்து, முக்கோண அரத்தின் விளிம்பை அழுத்தி உருட்டினால், சுற்றிலும் கோடு விழுந்து அழகாக ஒடியும்.

வாளியின் வளைந்த முதுகுக்கு 0.5 மி.மீ. தகட்டை ஒரு குழாய்த் துண்டின்மேல் சுற்றிக் கட்டி, கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் வளைவு நிலைத்துவிடும். பற்களைத் தனித்தனியே செய்து ஒட்டுவது சலிப்பான வேலைதான். ஒரே அமர்வில் முடிக்க முயலாமல் நாளுக்கு ஒன்றாகச் செய்தேன்.

டயர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வட்டத் தகடுகளை அடுக்கி ஒட்டி, டிரில்லில் பூட்டிச் சுழற்றி உப்புத்தாளால் உருட்டினால் உடல் வந்துவிடும். அதன்மேல் சாய்வான கட்டைகளை இடமும் வலமும் மாறி மாறி ஒட்ட வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது அந்தக் கட்டைகள் அமைக்கும் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும், ஏனெனில் சக்கரம் முன்னோக்கி உருளும்போது கூர்முனையே முதலில் மண்ணைத் தொடும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. பாடுபட்டுச் செய்த மாதிரிகளில் டயர் தலைகீழாகப் பூட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வண்ணத்தில் மஞ்சள் மிகவும் சிரமம் தருவது. அது அடியிலுள்ள நிறத்தை மறைக்காது. சாம்பல் பிரைமரின்மேல் அடித்தால் பச்சை கலந்து சோர்ந்து தெரியும். வெள்ளைப் பிரைமரின்மேல் மூன்று மெல்லிய பூச்சுகளாக அடித்தால்தான் அந்த வெயில் மஞ்சள் வரும். ஸ்பிரே வண்ணங்களில் சில, பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும் என்பதால் கழிவுத் துண்டொன்றில் அடித்துப் பார்த்துவிட்டே மாதிரிக்குச் செல்ல வேண்டும். அழுக்கைப் பொறுத்தவரை, வண்டி எந்த மண்ணில் வேலை செய்ததோ அந்த மண்ணையே பயன்படுத்துகிறேன். ஏரி வண்டலைக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, நீர்த்த பெவிகாலில் குழைத்து வாளியின் உட்புறத்திலும் டயர்க் கட்டைகளின் இடுக்கிலும் தடவினேன். பற்களின் நுனி மட்டும் மண்ணில் உரசி உரசி வெள்ளியாக மின்ன வேண்டும். பின்களைச் சுற்றிக் கிரீஸ் கறுத்துத் தூசி ஒட்டியிருக்க வேண்டும்.

கை முடிந்ததும் அதை ஒரு மரப்பலகையில் பொருத்தி ஏரிக்கரைக்கு எடுத்துச் சென்றேன். ஆபரேட்டர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, வாளியை ஒரு விரலால் மெதுவாகச் சுருட்டினார். நெம்புகோல் திரும்புவதையும், தண்டு தள்ளுவதையும், சிலிண்டர் நீள்வதையும் குனிந்து பார்த்தார். மறுபடி விரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு பின்களின் தலையை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி, கிரீஸ் நிப்பிளைக் காணோமே" என்றார். கிரீஸ் கன்னின் வாய் பொருந்தும் சிறு முனைகளைத்தான் சொன்னார். அன்றிரவே குண்டூசித் தலைகளை அரத்தால் சிறிதாக்கி, கைவசமிருந்த மிக மெல்லிய டிரில்லால் துளையிட்டு நடத் தொடங்கினேன். இதுவரை ஒன்பது முடிந்திருக்கின்றன. நெம்புகோலின் உட்பக்கத்திலுள்ள இரண்டுக்கு டிரில் நுழையவில்லை; அவற்றுக்காக அந்தப் பின்னைக் கழற்ற வேண்டும். அதை முடித்த பிறகே, கையைத் தாங்கி வண்டியின் பின்சட்டத்தில் பக்கவாட்டில் நகரும் அச்சுத்தூணை அளக்கச் செல்ல வேண்டும்.